ஓகே சொன்னால் நம்பாத டீச்சர்

கட்டை விரலைத் தூக்கிக் காட்டிய குற்றத்துக்காக என் கணவரை இரண்டு முறை தண்ணீரிலிருந்து வெளியே கொண்டுவந்தார்கள். மூன்றாவது முறை அவர் விரலைத் தூக்கவே இல்லை. அப்போதும் கொண்டுவந்தார்கள்.

நடந்தது போன மாதம், புதுச்சேரியில். எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்குப் பெங்களூருவில் வேலை பார்க்கும் மகள் மது ஒரு பரிசு அனுப்பினாள். பட்டுப் புடவையாக இருக்கும் என்று நினைத்தேன். ஸ்கூபா டைவிங்காம். இருவருக்கும்.

எனக்கு நீச்சல் தெரியாது. அவருக்குத் தெரியும் – சின்ன வயதில் கிணற்றில் குதித்த அளவுக்கு. அந்தத் தைரியத்தில், கடலுக்குள் என்னையும் தானே பார்த்துக்கொள்வதாக வேலூர் பாகாயத்தில் எங்கள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

தெரு முழுக்க என்றால் வீடு வீடாகப் போனார் என்று அர்த்தமில்லை. வாசலில் நின்று ஒரு முறை சொன்னார், அவ்வளவுதான். ஆம்பூரில் ஒரு ஷூ ஃபேக்டரியில் தையல் பிரிவுக்கு மேனேஜர் அவர். மெஷின் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய தொண்டை. சாப்பாட்டு மேஜையில் அவர் உப்பு கேட்டால், பக்கத்து வீட்டில் எடுத்து வைத்துக்கொண்டு நிற்பார்கள்.

மது அந்த டைவிங் சென்டரைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அங்கே இன்ஸ்ட்ரக்டராக இருப்பவள் நஸ்ரின். ஆம்பூர்ப் பெண், மதுவின் கல்லூரி ரூம்மேட். லீவு விட்டால் எங்கள் வீட்டில்தான் கிடப்பாள். படித்து முடித்து ஐ.டி. வேலைக்குப் போனாள். ஒரு முறை அந்தமானுக்கு டூர் போனவள், வேலையை உதறிவிட்டுக் கடலோடு சேர்ந்துவிட்டாள். அவள் 'அம்மி' என்று கூப்பிடும் அவளுடைய அம்மா சொந்தக்காரர்களிடம் இன்றும் "பொண்ணு டீச்சரா இருக்கா" என்றுதான் சொல்கிறாராம். எந்த ஸ்கூல் என்று யாராவது கேட்டால் பிரியாணி ஆறிவிடும் என்று எழுந்துவிடுவாராம்.

ஸ்கூபா இன்ஸ்ட்ரக்டர் என்றால் என் மனதில் ஓர் உருவம் இருந்தது. அகன்ற தோள், வெயிலில் வெந்த முகம், சுறாவோடு எடுத்துக்கொண்ட போட்டோ... நஸ்ரின் என் தோள் உயரம்தான். என் கணவருக்கோ அவள் எங்கள் சோபாவில் வாயைப் பிளந்து தூங்கிய குழந்தை. அந்தக் குழந்தை தனக்கு என்ன சொல்லிக் கொடுக்கப்போகிறது?

முதல் பாடம் நீச்சல் குளத்தில். ரப்பர் உடையைக் கொடுத்ததும் என் கணவர் உள்பக்கம் திருப்பித் தையலை இழுத்துப் பார்த்தார். பரவாயில்லை என்று பாஸ் போட்ட பிறகுதான் கால் நுழைத்தார்.

நஸ்ரின் பொறுமையாகச் சொன்னாள். தண்ணீருக்குள் மூச்சை அடக்கவே கூடாது. காது அடைத்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊத வேண்டும். வலி இருந்தால் உடனே சொல்லிவிட வேண்டும். வாயில் குழாய் இருக்கும் என்பதால் எல்லாம் கையால்தான். விரலை வட்டமாக வைத்தால் ஓகே. கட்டை விரலை உயர்த்தினால், 'நான் மேலே போகணும்' என்று அர்த்தம். அதை யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் காட்டலாம். ஏன் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

இதையெல்லாம் என் கணவர் கேட்டாரா? எங்கே கேட்டார்... அவள் சொல்வதை உடனுக்குடன் எனக்குச் சத்தமாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். தமிழிலிருந்து தமிழுக்கு!

குளத்தில் மூழ்கினோம். மூச்சு நன்றாக வந்தது. குஷியில் நஸ்ரினைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார். ஃபேக்டரியில் தையல் நன்றாக வந்தால் காட்டுகிற 'சூப்பர்'. அவள் உடனே அவரை மேலே கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அது சூப்பருக்குக் காட்டியது என்று விளக்கினார். சரி என்று தலையாட்டிவிட்டு, சைகைகளை முதலிலிருந்து ஒரு முறை சொல்லிக் கொடுத்தாள்.

மறுநாள் காலை படகில் கடலுக்குப் போனோம். அவருக்கு நஸ்ரின். எனக்கு அலெக்ஸ் என்று ஒரு தாடிக்காரர். கயிற்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் இறங்கியதும் மஞ்சள் மீன்கள் ஒரு கூட்டமாக வந்து எங்களைச் சுற்றிக்கொண்டு போயின. நான் வாயடைத்துப் போனேன். வாயில் குழாய் இருந்ததால் அது யாருக்கும் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால்... என் கணவர் மீன்களைப் பார்த்தபடி கட்டை விரலைக் கம்பீரமாக உயர்த்திக்கொண்டிருந்தார்.

அடுத்த நொடி இரண்டு ஜோடிக் கால்கள் மேலே போவதைப் பார்த்தேன். சிரித்ததில் என் மாஸ்க்குக்குள் தண்ணீர் வந்துவிட்டது.

அவருடைய விரலுக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா? இதைப் பிறகு அவளிடமே கேட்டேன். "முக்கால்வாசி தெரியும் ஆன்ட்டி. மீதி கால்வாசிக்குத்தான் என்னை அங்க வெச்சிருக்காங்க" என்றாள்.

மறுபடி இறங்கி வந்தார்கள். இந்த முறை என் கணவர் இரண்டு கைகளையும் மடக்கி வைத்துக்கொண்டார். கயிற்றில் பாதி இறங்கியிருப்பார். தலை லேசாக ஒரு பக்கம் சாய்ந்தது. வலது கை காதுப் பக்கம் போய், பாதியிலேயே இறங்கிவிட்டது.

நஸ்ரின் விரலை வட்டமாக்கி, ஓகேவா என்று கேட்டாள். அவர் ஓகே காட்டினார். அவள் தன் காதைத் தொட்டுக் காட்டி மறுபடி கேட்டாள். இரண்டு கையாலும் ஓகே காட்டினார்.

அவள் நம்பவில்லை. தன் மாஸ்க்கை அவர் மாஸ்க்குக்கு எதிரே கொண்டுபோய் அவர் கண்ணையே பார்த்தாள். கொஞ்சம் மேலே ஏற்றி, மூக்கைப் பிடித்து ஊதச் சொன்னாள். ஊதினார். மறுபடி முகத்தைப் பார்த்தாள். பிறகு அவளே கட்டை விரலை உயர்த்தினாள்.

அவர் ஓகே, ஓகே என்று காட்டிக்கொண்டே இருந்தார். அவள் வாதாடவில்லை. ஜாக்கெட்டைப் பிடித்து மெதுவாக, மிக மெதுவாக மேலே கூட்டிப் போனாள். ஒருவர் சொன்னதற்கு என் கணவர் பதில் பேசாமல் கீழ்ப்படிந்ததை இருபத்தைந்து வருஷத்தில் அன்றுதான் பார்த்தேன்.

நான் படகுக்கு வந்தபோது பதில் பேச ஆரம்பித்திருந்தார். தனக்கு ஒன்றுமே இல்லையாம். தான்தான் ஓகே சொன்னாராம். சின்னப் பெண்ணுக்கு அனுபவம் கம்மி, பயந்துவிட்டாளாம். அலெக்ஸைப் பார்த்து, நீங்கள் என்னைக் கூட்டிப் போங்கள் என்று கேட்டார். அலெக்ஸ் நஸ்ரினைப் பார்த்துவிட்டு, முடியாது என்று தலையாட்டினார்.

நஸ்ரின் கண் சிவந்திருந்தது. உப்புத் தண்ணீராகவும் இருக்கலாம். எனக்குத்தான் படகிலிருந்து குதித்துவிடலாம் போலிருந்தது. எங்கள் வீட்டில் தட்டு போட்டுச் சாப்பிட்ட பெண். அவளை அவள் வேலை செய்கிற இடத்தில், கூட வேலை செய்பவர் முன்னால் இப்படிப் பேசலாமா?

அவள் குரலை உயர்த்தவில்லை. "அங்கிள், என்மேல பேஜாரானா பரவால்ல, ஆவுங்க. அப்பாவுக்குக் காது போய்ட்டுதுன்னு மதுகிட்ட என்னால சொல்ல முடியாது. உங்க கை ஓகே சொல்லிச்சு. உங்க மூஞ்சி சொல்லல."

அவர் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் அவருடைய வலது பக்கம் உட்கார்ந்து, அவளிடம் ஒரு சாரி சொல்லுங்கள் என்று காதோரமாகச் சொன்னேன்.

"இன்னா?" என்றார்.

மறுபடி சொன்னேன்.

"இன்னா சொல்ற? கொஞ்சம் சத்தமா சொல்லேன்."

முதலில் சிரித்தது அலெக்ஸ். அப்புறம் படகோட்டி. அப்புறம் நான். கடைசியில் வேறு வழியில்லாமல் என் கணவரும். சிரிக்காதவள் நஸ்ரின் மட்டும்தான். அவர் அருகில் வந்து உட்கார்ந்து, எச்சிலை விழுங்கச் சொல்லி, தாடையை அசைக்கச் சொல்லிப் பார்த்தாள். அப்போதுதான் ஒப்புக்கொண்டார். பாதிக் கயிற்றிலேயே காதுக்குள் ஊசி குத்தியதுபோல் இருந்ததாம்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். "நம்ம வீட்டுப் பொண்ணு. அவ முன்னாடி எப்படிச் சொல்றது?"

வேலூர் வந்ததும் காது டாக்டர் பார்த்தார். வீக்கம்தான், ஆறிவிடும், இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தால் செவிப்பறை கிழிந்திருக்கலாம் என்றார். என் கணவர் க்ளினிக் வாசலிலேயே நஸ்ரினுக்குப் போன் போட்டு, சாரி சொன்னார். வெயிட்டிங் ரூமில் இருந்த அத்தனை பேரும் அதற்குச் சாட்சி.

ஆழம் தெரிவதும் நீச்சல் தெரிவதும் அந்த வேலைக்கு வேண்டியதுதான். ஆனால் எனக்கு அவளிடம் பிடித்தது வேறு. 'போதும், மேலே போகணும்' என்று ஒருவர் காட்டினால் கேள்வியே கேட்காமல் நம்பினாள். 'ஓகே' என்று காட்டினால்தான் சந்தேகப்பட்டாள். நாம் அப்படியே தலைகீழ் இல்லையா? லீவு கேட்பவனை ஆயிரம் கேள்வி கேட்கிறோம். 'நல்லா இருக்கேன்' என்பவரை அடுத்த வார்த்தை பேசாமல் கடந்துபோகிறோம்.

போன வாரம் ஃபேக்டரியில் இவர் ரவுண்ட்ஸ் போனபோது ஒரு தையல்காரப் பெண் வழக்கம்போல "ஓகே சார்" என்றாளாம். இவர் நகராமல் அவள் முகத்தையே பார்த்தாராம். காய்ச்சலோடு வேலைக்கு வந்திருந்தது தெரிந்து, வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம். சாயங்காலம் பெருமையாகச் சொன்னார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

வீட்டில் மட்டும் இது இன்னும் அமலுக்கு வரவில்லை. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு "ஒன்னுமில்ல" என்று சொன்னால், மனுஷர் இன்றைக்கும் நிம்மதியாக நம்பிவிடுகிறார்.