பச்சை நிறத்தில் ஒரு நைதரசன்

மாத்தளை வெயிலில் கம்பளி நூல் வாங்குகிறவர்கள் இரண்டே வகை. நுவரெலியாவுக்கு மாற்றலாகிப் போகிறவர்கள், வீட்டில் பிள்ளை பிறக்கக் காத்திருப்பவர்கள். நான் இரண்டிலும் சேராமல் சிவப்பு, கறுப்பு, வெள்ளை, நீலம் என்று நாலு நிறம் கேட்டதும் கடைக்கார நானா என்னை ஏற இறங்கப் பார்த்தார். மூலக்கூறு பின்னப் போகிறேன் என்றேன்.

"அதுக்கு என்ன சைஸ் டீச்சர்?" என்றார் மனுஷன், மரியாதையாக.

எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலையின் விஞ்ஞானகூடம் அப்படிப்பட்டது. ஒரு தராசு இருந்தது, அதற்குப் படிக்கற்கள் இல்லை. அலுமாரி இருந்தது, அதற்குச் சாவி இல்லை. அணுக்களை மாட்டிக் காட்டும் பிளாஸ்டிக் பெட்டி கேட்டு நான் எழுதிய கடிதங்களைக் கல்விக் கந்தோர் மிகப் பத்திரமாக வைத்திருந்தது. போங்கடா என்று நானே குரோஷே ஊசியை எடுத்தேன். உருண்டை உருண்டையாகப் பின்னி, உள்ளே இலவம் பஞ்சு அடைத்து, ஈர்க்கால் கோத்தேன். கம்பிதான் உறுதி. ஆனால் சண்டை நடந்த அந்தக் காலத்தில் ஒரு தமிழ்ப் பெண் கம்பி செருகிய உருண்டைகளோடு பஸ் ஏறினால், சோதனைச் சாவடியில் இரசாயனப் பாடம் நடத்த வேண்டிவரும்.

நிறங்களுக்கு உலகம் முழுக்க ஒரே வழக்கம். ஒட்சிசன் சிவப்பு, காபன் கறுப்பு, ஐதரசன் வெள்ளை, நைதரசன் நீலம். குளோரீன் பச்சை. குளோரீனுக்கு எனக்கு வேலை இல்லாததால் பச்சை நூல் வாங்கவில்லை.

நான் பின்னியதிலேயே பெரியது நைத்திரேற்று. நடுவில் ஒரு நீலம், சுற்றி மூன்று சிவப்பு. காரணம் என் தங்கச்சியின் மூன்று மாதப் பிள்ளை. எங்கள் லயத்து வரிசை வீடுகளின் கிணற்றுக்கு மேலே மரக்கறித் தோட்டம். தம்புள்ளைக்கு லொறியேறும் போஞ்சிக்கும் கோவாவுக்கும் மூட்டை மூட்டையாக உரம் கொட்டுவார்கள். மழை பெய்தால் அந்த உரத்தின் நைத்திரேற்று கிணற்றுக்கு இறங்கிவிடும். அந்தத் தண்ணீரில்தான் தங்கச்சி பால்மா கரைத்தாள். ஒருநாள் பிள்ளையின் உதடு கறுத்து நீலமாகிப் போனது. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஒரு வயது வரைக்கும் அந்தக் கிணற்றுத் தண்ணீரே கூடாது, கொதிக்க வைத்தாலும் இந்த நஞ்சு போகாது என்றார் டொக்டர். தங்கச்சி பயந்துபோய், அன்றிலிருந்து தோட்டத்துக்கும் மேலே மலையூற்று கொட்டும் பீலிக்கு ஏறித் தண்ணீர் கொண்டுவந்தாள். கொழுந்து பறித்துவிட்டு வந்து அந்த மேடு ஏறுவது சும்மா இல்லை.

அப்போதுதான் நகரத்தில் சுற்றாடல் கண்காட்சி என்று அறிவித்தார்கள். மாகாண மந்திரி வருகிறார். எங்கள் லயத்துக்குக் குழாய்த் தண்ணீர் கேட்ட மனு அவரிடம்தான் கிடந்தது. இந்த நீல உருண்டையை அவர் கையில் கொடுத்து, இதுதான் ஐயா எங்கள் பிள்ளைகள் குடிப்பது என்று சொல்லிவிட வேண்டும். எனக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

கண்காட்சிக்கு முதல் நாள் எங்கள் பாடசாலை அதிபர் வந்து பார்த்தார். பார்த்தவர் வெலவெலத்துப் போனார்.

"டீச்சர், என்ன இது, நட்ட நடுவுல நீலம்? மந்திரி பச்சைக் கட்சி, நீலம் எதிர்க்கட்சிங்க! பாத்தா என்ன நெனைப்பாரு?"

"சார், அது நைதரசன்."

"இருக்கட்டுங்க. நைதரசன் கோவிச்சுக்கப் போவுதா? மந்திரி கோவிச்சுக்கிட்டா குழாய் வராது. பச்சையா மாத்திப் பின்னுங்க."

சிவப்பைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. கிளர்ச்சிக்காரர் நிறம் என்று சிவப்புக்கு ஆட்களைப் பிடித்துக்கொண்டு போன காலம் முடிந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. குழாய் வராது என்ற சொல் என்னை அடித்துவிட்டது. மறுபடி நானா கடை, பச்சை நூல். இந்தக் கையால்தான் பின்னினேன்.

கண்காட்சியில் மந்திரி வந்தார். பச்சையைக் கண்டதும் முகம் மலர்ந்தது, அதிபரின் கணக்கு அந்த மட்டில் சரி. என் விளக்க அட்டை தமிழில் இருந்ததால் அதிபரே முந்திக்கொண்டு சிங்களத்தில் எடுத்துச் சொன்னார்: "எங்க கிணத்துத் தண்ணியில இருக்கிறது இது, சேர்." பக்கத்தில் நின்ற விஞ்ஞான ஆலோசகர் படித்த மனுஷன். உருண்டையைத் தட்டிப் பார்த்து, "பச்சை என்றால் குளோரீன்" என்றார். சரியாகத்தான் சொன்னார், அதுதான் வயிற்றெரிச்சல். கிணற்றில் குளோரீன் போட்டு வைத்திருக்கிறார்கள், மிக நல்ல மக்கள் என்று மந்திரி மகிழ்ந்தார். மேடையேறி மைக்கிலும் சொன்னார். தண்ணீரைத் தாங்களே சுத்தம் செய்துகொள்ளும் இவர்களுக்குக் குழாய் அவசரமில்லையாம், வேறு ஊருக்குக் கொடுக்கலாமாம். எனக்கு முதல் பரிசு!

எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. வாயைத் திறந்தேன், அதிபர் கண்ணைக் காட்டினார், யாரோ மெடலை மாட்டினார்கள், கூட்டம் கை தட்டியது. நான் கும்பிட்டேன். பிறகு கடிதம் எழுதிச் சரிசெய்யலாம் என்று நினைத்தேன். நான் கடிதம் எழுதினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? வெட்கக்கேடு.

இரண்டு நாள் கழித்துப் பாடசாலை விட்டு வந்தால், தங்கச்சி கிணற்றடியில் பால் போத்தல் கழுவிக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் நிறைகுடம்.

"என்னடி இது? பீலிக்குப் போகலையா?"

"இனி எதுக்குக்கா அம்புட்டு மேடு ஏறணும்? கிணத்துல மருந்து போட்டிருக்குன்னு மந்திரியே மைக்குல சொன்னாராமே. லயமே அதத்தான் பேசுது."

"அது பொய்டி. நான் பின்னினதே பொய். டொக்டர் சொன்னத மறந்துட்டியா?"

"டொக்டர் சொன்னது உண்மைன்னா, நீ ஏன்கா மேடையில கும்புட்டு மெடல் வாங்குன?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டாள். போத்தல் அவள் கையில் இருந்தது, பிள்ளை பசியில் கத்திக்கொண்டிருந்தது. குடத்துத் தண்ணீரைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, பாடசாலைக்குப் போன சேலையோடேயே பீலிக்கு ஏறினேன். பிள்ளைக்கு ஒரு வயது முடியும்வரை தினமும் நான்தான் ஏறினேன்.