ஏழு முகங்களை அழித்தவர்

கோட்டாறில் பிளெக்ஸ் கடை வைத்திருக்கும் அந்த அக்காவின் பெயரை நான் கேட்கவே இல்லை. நரை விழுந்த தலையில் மூக்குக்கண்ணாடியை ஏற்றி வைத்திருப்பார். எந்தப் படத்தையும் போனில் போட்டு, கையை முழுதாக நீட்டி, ஒற்றைக் கண்ணால்தான் பார்ப்பார்.

நாங்கள் ஏழு நண்பர்கள் சேர்ந்து எங்கள் முதல் பாட்டை இணையத்தில் வெளியிட இருந்தோம். அதன் அட்டைப்படத்தை நானே செய்திருந்தேன். அது எனக்கே பிடிக்கவில்லை. மாதச் சந்தா கட்டி நல்ல மென்பொருள் வாங்கினால் சரியாகிவிடும் என்று நம்பி அவரிடம் போனேன்.

“எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்க்கா?”

படத்தைத் தன் போனில் வாங்கி, கையை நீட்டிப் பார்த்தார். “இது பாட்டா மக்கா, கல்யாண பிளெக்ஸா? ஏழு மூஞ்சியும் நெரிஞ்சு கெடக்கு. போன்ல இது தீப்பெட்டி அளவுதான தெரியும்?”

“எல்லாவனும் அவன் மூஞ்சி வேணும்னு சொல்லுகான்க்கா.”

“அப்போ லட்ச ரூவா சாஃப்ட்வேர் வாங்கினாலும் இப்படித்தான் இருக்கும். நான் வச்சிருக்கது ஓசியில கெடைக்கது. இதுவே தாராளம்.”

என்னைக் கேட்காமலேயே முகங்களை ஒவ்வொன்றாக அழித்தார். என் முகத்தில்தான் தொடங்கினார். பின்னால் மறைந்திருந்த தவிலைப் பெரிதாக்கி, கீழே பாட்டின் பெயரை மட்டும் வைத்தார். நானும் கையை நீட்டிப் பார்த்தேன். பளிச்சென்று இருந்தது.

வெளியே வந்து கடைப் பலகையை நிமிர்ந்து பார்த்தேன். மஞ்சளில் கறுப்பாக ‘பிளெக்ஸ்’ என்று ஒரே ஒரு சொல். தினமும் பஸ்ஸில் அந்தத் தெருவைக் கடக்கிறவன் நான். அங்கே அத்தனை பிளெக்ஸ் கடைகள் இருக்க, அன்று ஏன் நேராக அங்கே போய் இறங்கினேன் என்பது அப்போதுதான் விளங்கியது.