எல்லா உலகங்களையும் அழிப்பவன் ரிங்லெட் பஸ்ஸில் ஏறினான்

இன்று எங்கள் தேயிலை மலையில், தானா ராத்தாவிலிருந்து ரிங்லெட் போகும் பஸ்ஸில், கைப்பேசியில் காமிக்ஸ் படித்துக்கொண்டு வந்தேன்.

அதில் ஒரு வில்லன் உலகங்களை ஒவ்வொன்றாக அழிக்கிறான். முதலில் வெள்ளைப் புகை வரும். பிறகு முகமூடியோடு அவன் வருவான்.

ஒவ்வோர் உலகத்திலும் இன்னொரு நான் இருப்பேனாம். ஏதோ ஒன்றில் நான் மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திவிடாமல் இன்னும் பள்ளிக்குப் போய்க்கொண்டிருப்பேன். அவளையும் அழித்துவிடுவானே என்று அடுத்த பக்கத்தைத் தள்ளாமல் நிறுத்தினேன்.

நிமிர்ந்து பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே தேயிலையே தெரியவில்லை. ஒரே மூடுபனி.

பஸ் நின்றது. முகமூடியோடு ஒருவன் ஏறினான்.

கத்திவிட்டேன். யாரிடமும் வாய் திறக்காத நான்!

அவர் முகமூடியைக் கழற்றினார். தோட்டத்தில் பூச்சிமருந்து அடிப்பவர்.

"என்னா பாப்பா, நான் அவ்ளோ மோசமாவா இருக்கேன்?"

பஸ்ஸே சிரித்தது. கைப்பேசியில் இருந்த வில்லன் படத்தை அவரிடம் காட்டினேன்.

"பயப்படாத லா. எல்லாத்தையும் அழிச்சிட்டா அவனே எங்க போயி குந்துவான்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்தும் அடுத்த பக்கத்தைத் திறக்க முடியவில்லை.

இந்தக் காமிக்ஸின் முடிவு தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பள்ளிக்குப் போகிற அந்த நான் தப்பித்துவிட்டாளா?

இல்லையென்றால், பொய்யாவது சொல்லுங்கள்.