நாலு எட்டில் ஒன்றுமில்லை

என் புருஷன் ஃபிலெமோனியை எங்கள் மசாமே ஊரில் கேமராக்காரர் என்பார்கள். நான் கட்டிக்கொண்டது ஒரு குழப்பக்காரரை. டிசம்பரில் வெளியூர்ப் பிள்ளைகள் வீடு திரும்பினால் எல்லோரும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். எல்லோருக்கும் பின்னால் கிளிமஞ்சாரோ தெரிய வேண்டும். முகத்தைத் தெளிவாகப் பிடித்தால் மலை கஞ்சியாகிவிடும். மலையைப் பிடித்தால் முகம் மங்கிவிடும். போன வருஷம் ஐகாயேலி அம்மாவின் படம் அப்படித்தான் பாழானது.

அந்த அம்மாவின் மகன்கள் ஒம்பேனியும் காட்லிசனும் அப்பாவைப் புதைத்த அன்று நிலத்துக்காகச் சண்டை போட்டவர்கள். ஏழு வருஷம் பேச்சில்லை. இந்தக் கிறிஸ்துமசுக்குத்தான் சேர்ந்து நிற்கச் சம்மதித்தார்கள். படம் எடுத்த கையோடு இருவரும் பஸ் ஏறிவிடுவார்கள்.

"நாங்க நாலு பேரும் தெளிவா விழணும், ஃபிலெமோனி. இதையும் கெடுத்தா உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்றார் அம்மா.

வீட்டுக்கு வந்து இவர் விரல்விட்டு எண்ணினார். "அம்மா, ரெண்டு பசங்க. மூணுதானே வருது?"

"மலையையும் சேத்திருப்பாங்க."

"மலை ஒரு ஆளா?"

"உங்களைவிடத் தெளிவான ஆளு."

மோஷி டவுனிலிருக்கும் ஸ்டுடியோக்காரரிடம் போனில் கேட்டார். "லென்ஸ் துளையைச் சின்னதாக்கிப் பதினொண்ணுல வை. முகத்தையும் பாக்காத, மலையையும் பாக்காத. கேமராலேர்ந்து நாலு எட்டு நடந்தா வர்ற இடத்துல ஃபோகஸ் வை. அதுல பாதி தூரத்துலேர்ந்து மலைவரைக்கும் எல்லாம் தெளிவா வரும்" என்றார் அவர்.

இவருக்குச் சோறு இறங்கவில்லை. "நாலு எட்டுல ஒண்ணுமே இல்லையே. ஒண்ணுமில்லாத இடத்தைப் பாத்தா எல்லாம் எப்படித் தெரியும்?"

ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் வைத்த மாதிரியான யோசனை. எனக்கும் விளங்கவில்லை, அதனால் கோபம் வந்தது. "சொன்னபடி செஞ்சு தொலைங்க" என்றேன்.

காலை ஆறரைக்கு அம்மாவின் தோட்டத்தில் நின்று பார்த்தால் மேகமில்லாமல் மலை திறந்திருந்தது. முகம் பெரிதாக விழ வேண்டுமென்று அம்மா கேமராவுக்குக் கிட்டத்தில் நாற்காலி போட்டுக்கொண்டார். மகன்கள் வாழைமரத்தடியில் ஆளுக்கொரு பக்கம் பார்த்து நின்றார்கள். இவர் எட்டு வைத்து அளந்தார். நாலாவது எட்டில் கால் ஒரு சிமெண்டு விளிம்பில் இடித்தது. அங்கேயே புதைத்திருந்த அம்மாவின் புருஷன் யோனா ஐயாவின் கல்லறை. திரும்பி வந்து அதன் எழுத்தில் ஃபோகஸை வைத்து லென்ஸ் வளையத்தை நிறுத்தினார்.

"என்ன கேமராக்காரரே, எங்களை விட்டுட்டு அப்பா கல்லறையை எடுக்குறீங்க?" என்று கத்தினான் ஒம்பேனி.

"நீ சும்மா இரு. அவரு அளக்குறாரு" என்றான் காட்லிசன்.

ஏழு வருஷத்தில் தம்பி அண்ணனிடம் முதன்முதலாகப் பேசியது அதுதான். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. மடியில் கைகளை இறுக்கிக்கொண்டார். மூன்று படம் எடுப்பதற்குள் மேகம் மூடிவிட்டது.

நாங்கள் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு விரலால் தொட்டார். "நான். ஒம்பேனி. காட்லிசன்." இவர் மலையைக் காட்டக் கை நீட்டினார். அம்மாவின் விரல் மேலே போகவில்லை. கீழே வெள்ளைச் சிமெண்டுக்குப் போனது. யோனா என்ற பெயர் எழுத்தெழுத்தாகத் தெரிந்தது.

"இவரு. நாலு" என்று சொல்லிவிட்டு அழுதார்.

வீடு திரும்பியதும் இவர் வாசலில் நின்று, "நாலு எட்டுல ஒண்ணுமில்லேன்னு சொன்னேனேடி" என்றார்.