தராசக்கா எழுதிய பரீட்சை

அந்தத் தேசிய ஆராய்ச்சி நிறுவனத்தில் தராசக்காவின் சொந்தப் பெயர் தெரிந்தவர்கள் சம்பளப் பிரிவில் இரண்டு பேர் இருந்தால் அதிகம். மற்றபடி இயக்குநரிலிருந்து வாசல் காவலர் வரைக்கும் எல்லோருக்கும் அவர் தராசக்காதான். தரைத்தளத்துக் கடைசி அறையில், கருங்கல் மேடைமேல் வரிசையாக உட்கார்ந்திருக்கும் நுண்தராசுகளோடு முப்பத்தொரு வருடம் குடித்தனம் நடத்தியவர். தன்னோடு இருந்ததைவிட அவற்றோடு இருந்த நேரம்தான் அதிகம் என்று அவருடைய கணவர் சொல்லிக்காட்டுவார்.

வேலை இதுதான். தொழிற்சாலைகள், மருந்துக் கம்பெனிகள், நகைச் சோதனைக்கூடங்கள் எல்லாம் தங்கள் எடைக்கற்களைப் பெட்டியில் வைத்து அனுப்பும். ஒரு கிலோ என்று பொறித்திருக்கும் கல் உண்மையிலேயே ஒரு கிலோதானா என்று நிறுவனத்தின் மூல எடையோடு ஒப்பிட்டு, இத்தனை மில்லிகிராம் கூடுதல், இத்தனை குறைச்சல் என்று சான்றிதழ் தரவேண்டும். கேட்பதற்குச் சுண்டைக்காய் வேலை. உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். வெறும் விரலால் தொட்டால் விரலின் எண்ணெய்ப் பசை எடையில் ஏறிவிடும். பக்கத்தில் பெருமூச்சு விட்டால் எண்கள் ஓட ஆரம்பிக்கும். அக்கா வேலை நாளில் பவுடர் பூசமாட்டார், வளையல் போடமாட்டார். தும்மல் வரும்போல் இருந்தால் இரண்டு கதவு தாண்டி நடைபாதைக்கு வந்து தும்மிவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போவார்.

அளப்பது அவர். சான்றிதழில் கையெழுத்துப் போடுவது தொழில்நுட்ப அதிகாரி. இந்த முப்பத்தொரு வருடத்தில் அப்படி ஐந்து அதிகாரிகள் வந்து போனார்கள். அதில் ஒருவருக்குத் தராசின் கண்ணாடிக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்றுகூடத் தெரியாது. ஆனால் கையெழுத்து மட்டும் சுழி சுழியாக அழகாக இருக்கும். தாளில் அக்காவுக்கு ஒரு மூலைகூடக் கிடையாது. ஓய்வு பெறுவதற்குள் ஒரே ஒரு சான்றிதழிலாவது தன் கையெழுத்து இருக்கவேண்டும் என்பதுதான் அவர் ஆசை. அதைப் பேராசை என்பவர்கள் முப்பத்தொரு வருடம் அடுத்தவர் கையெழுத்துக்காக மூச்சை அடக்கி உட்கார்ந்து பார்க்கட்டும்.

ஓய்வுக்குப் பதினாறு மாதம் இருந்தது. அதற்குள் பதவி உயர்வுக் குழு ஒரே ஒரு முறைதான் கூடும். பிரிவுத் தலைவர் பரிந்துரை எழுதிவிட்டார், பழைய மதிப்பீடுகள் எல்லாம் 'மிக நன்று'. எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோது பயிற்சிப் பிரிவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதிகாரியாக வேண்டுமானால் மூன்று வருடத்தில் நாற்பது மணி நேரம் தன் துறையில் பயிற்சி பெற்றிருக்க வேண்டுமாம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது சும்மாவா?

பயிற்சி அதிகாரி வெண்ணெய்போலப் பேசுகிறவர். அவர் அறையில் 'கற்றலுக்கு முடிவே இல்லை' என்று ஒரு படம் மாட்டியிருக்கும். அதன்கீழ் ஒரு பிளாஸ்டிக் செடி, அதற்கு யாரோ தண்ணீர் வேறு ஊற்றியிருந்தார்கள்.

"அக்கா, உங்க பேர்ல சைபர்தான் இருக்கு" என்றார் அவர், கணினித் திரையைத் திருப்பிக் காட்டி.

"வருஷத்துக்கு ரெண்டு தடவை அஞ்சஞ்சு நாள் வகுப்பு எடுக்கறேனே சார். உங்க மாடியிலதானே எடுக்கறேன்? டீகூட நீங்கதானே அனுப்பறீங்க?"

"எடுத்தீங்க, யாரு இல்லேன்னா? அதனாலதான் பயிற்றுநர் கட்டத்துல கையெழுத்துப் போட்டிருக்கீங்க. பயிற்சி பெற்றவர் கட்டத்துல போடலையே."

"நான் சொல்றதைக் கேட்டுட்டுத் தூங்கினவனுக்கு நாப்பது மணி நேரம். தொண்டை வத்தச் சொன்னவளுக்கு ஒண்ணுமில்லையா?"

"அப்படி ஒரு கட்டமே சாஃப்ட்வேர்ல இல்லக்கா. நான் என்ன செய்யட்டும்?"

வேறு வகுப்பு ஏதாவது இருக்கிறதா என்று அக்கா கேட்டார். கோபத்தை அடக்குவது எப்படி என்று ஒரு வகுப்பு இருந்தது, கோப்பு மேலாண்மை என்று ஒன்று இருந்தது. சொந்தத் துறையில் தேடினால் நாடு முழுக்க ஒரே வகுப்பு, 'நுண்ணெடை அளவீடு, ஐந்து நாள், நாற்பது மணி நேரம்'. நடத்துபவர் தராசக்கா. பயிற்சி அதிகாரி கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"பேசாம நீங்களே அதுல சேர்ந்துடுங்கக்கா. நடத்தறதுக்கு வேற ஆளைப் போட்டுக்கலாம்."

வீட்டில் கணவர் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். விஷயத்தைக் கேட்டதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"உன் சமையலை நீயே வரிசையில நின்னு வாங்கிச் சாப்பிடணும்ங்கறாங்க!" என்றவர், அக்கா சிரிக்காததைப் பார்த்து அடங்கினார். "விட்டுத் தள்ளு. பதினாறு மாசம் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள போயிடும். எதுக்கு இந்தக் கேவலம்?"

"இல்லீங்க. நான் போய் உட்காரத்தான் போறேன்."

"வீம்பு."

"ஆமா, வீம்புதான்" என்று சொல்லிவிட்டு அக்கா முகம் கழுவப் போனார்.

நடத்த வந்தவர் டைக்காரர். அதே பிரிவின் விஞ்ஞானி, வெயில் கொளுத்தினாலும் டை கட்டாமல் வரமாட்டார். பதினான்கு வருடத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்த வாரமே அக்காவின் வகுப்பில் உட்கார்ந்தவர். மூல எடைக்கு மேல் அந்த டை உரசப்போக, அக்கா அதைப் பிடித்து அவர் சட்டைக்குள் செருகிவிட்ட கதையை நிறுவனமே அறியும். வகுப்புக்கான பாடக்குறிப்பும் அக்கா எழுதியதுதான். பன்னிரண்டு வருடத்துக்கு முன் ரூல் போட்ட நோட்டில் கையால் எழுதிக் கொடுத்தார். அது அச்சாகி அட்டை போட்டு வந்தபோது, தொகுப்பாசிரியர் என்று டைக்காரரின் பெயர் இருந்தது. அக்காவுக்கு உள்ளே நன்றி சொல்லியிருந்தார்கள், மின்சாரப் பிரிவுக்கும் தோட்டப் பிரிவுக்கும் நடுவில்.

முதல் நாள் டைக்காரர் நெளிந்தார். "நீங்க உட்கார்ந்திருக்கும்போது நான் பேசறது..." என்று இழுத்தார். அந்த வெட்கம் பதினொரு மணித் தேநீர் வரைக்கும்தான் தாங்கியது. அதற்குப்பின் அக்காவின் சொற்கள், அக்காவின் உதாரணங்கள், அக்கா சொல்லும் நகைச்சுவைகூட அவர் வாயிலிருந்து வந்தன. வகுப்பும் சிரித்தது. இரண்டாம் நாள் அவருக்குக் கூட்டம், மூன்றாம் நாள் அவருக்கு இன்னொரு கூட்டம். "அக்கா, நீங்க கொஞ்சம் செஞ்சு காட்டிடுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். அந்த இரண்டு நாளும் அக்காதான் பாடம் எடுத்தார். எடுத்துவிட்டு, சாயங்காலம் பயிற்சி பெற்றவர் கட்டத்தில் கையெழுத்துப் போட்டார். ஆத்திரமாகத்தான் வந்தது. ஆனால் ஐந்து நாளில் மூன்று தாண்டிவிட்டது என்று எண்ணிக்கொண்டார்.

நாலாம் நாள்தான் ஒரு மணி நேரம் என்ற பேச்சு வந்தது. வெளியிலிருந்து வரும் எடைக்கல்லை உடனே தராசில் வைக்கக்கூடாது. வெயிலில் வந்த கல் சூடாக இருக்கும். அந்தச் சூடு சுற்றியிருக்கும் காற்றை மேலே கிளப்பிவிடும், காற்று கல்லைத் துளி தூக்கும், தராசு எடையைக் குறைத்துக் காட்டும். அறையின் குளிர்ச்சிக்குக் கல் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு கிலோக் கல்லுக்கு ஒரு மணி நேரம் என்றுதான் அக்கா அந்தக் காலத்தில் எழுதியிருந்தார். தனக்குச் சொல்லித்தந்ததை எழுதினார். மூன்று வருடம் கழித்து ஒரு மருந்துக் கம்பெனி, உங்கள் அளவு தப்பு என்று கல்லைத் திருப்பி அனுப்பியது. அக்கா இரண்டு வாரம் மெனக்கெட்டு அரைமணிக்கு ஒருமுறை அளந்து பார்த்து, நாலு மணி நேரமாவது ஆகிறது என்று கண்டுபிடித்தார். அன்றிலிருந்து அவர் நாலு மணி நேரத்துக்குக் குறைந்து எந்தக் கல்லையும் தொட்டதில்லை. குறிப்பைத் திருத்தச் சொல்லி மூன்று முறை மனுவும் கொடுத்தார். பாடக்குறிப்பைத் திருத்தவென்று ஒரு குழு இருக்கிறது. அதில் ஒருவர் ஓய்வு பெற்றுவிட்டதால் குழு கூட முடியவில்லை. ஒன்பது வருடமாக முடியவில்லை.

டைக்காரர் ஒரு மணி நேரம் என்று படித்ததும் அக்கா கையைத் தூக்கினார்.

"நாலு மணி நேரம் சார். ஒரு மணி நேரத்துல கல்லுல இருக்கற சூடு போகாது."

"குறிப்புல ஒண்ணுன்னுதானே இருக்கு? குறிப்பு எழுதினது யாரு? நீங்கதானே அக்கா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மட்டும் சிரிக்கவில்லை. ஸ்டோர்ஸிலிருந்து எடைப்பிரிவுக்கு மாற்றலாகி வந்திருந்த நாற்பது வயதுக்காரர். எல்லாவற்றையும் கவனமாக எழுதிக்கொள்கிறவர், பேனாவைத் தூக்கியபடி யார் சொல்வதை எழுதுவது என்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா மருந்துக் கம்பெனிக் கதையைச் சொல்லத் தொடங்கினார். டைக்காரர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "திருத்தம் வர்ற வரைக்கும் எழுதியிருக்கறபடியே போவோம்க்கா" என்று பக்கத்தைப் புரட்டினார்.

ஐந்தாம் நாள் பரீட்சை. நாற்பது கேள்வி. அதில் மூன்று கேள்விக்கு முன்னால் சிவப்பு நட்சத்திரம் போட்டிருந்தது. அந்த மூன்றில் ஒன்று தப்பானாலும் மொத்தப் பரீட்சையும் தோல்வி, நாற்பது மணி நேரமும் போச்சு. நட்சத்திரம் வைத்த மூன்றாவது கேள்வி, ஒரு கிலோ எடையை அளப்பதற்கு முன் எவ்வளவு நேரம் வைத்திருக்க வேண்டும்?

மற்ற முப்பத்தொன்பதையும் இருபது நிமிடத்தில் முடித்துவிட்டு அக்கா அந்த ஒன்றின் முன்னால் உட்கார்ந்திருந்தார். நாலு என்று எழுதினால் தோற்றுப்போவார். யாரும் தாளைத் திரும்பத் திருத்தப்போவதில்லை, குழு கூடப்போவதில்லை, பதினாறு மாதம் கழித்து ஒரு கைக்கடிகாரத்தைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஒன்று என்று எழுதினால் அந்தக் கையெழுத்து கிடைக்கும். வெறும் பரீட்சைதானே, என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தாளில் ஒன்று இருக்கட்டும், தராசில் நாலு இருக்கட்டும், யார் குடி முழுகிவிடும்? இப்படி ஒரு பொய்யை அவர் வாழ்நாளில் தாளில் ஏற்றியதில்லை. ஒரு மணி நேரம் என்று எழுதி, தாளை மூடாமல் அப்படியே மேசையில் விட்டு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நூற்றுக்கு நூறு வாங்கினார். இரண்டு மாதத்தில் பதவி உயர்வு உத்தரவு வந்தது. கணவர் அன்றைக்கு அவரை ஒரு வேலையும் செய்யவிடவில்லை. பழைய பஸ் நண்பர்களுக்கெல்லாம் போன் போட்டு, "எங்க வீட்டு ஆபீசர்" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். அக்காவும் சிரித்தார். சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன்?

அலுவலகத்தில் முன்பக்கம் ஒரு மேசையும் சுழலும் நாற்காலியும் கொடுத்தார்கள். அக்கா என்றவர்கள் மேடம் என்றார்கள். தராசு அறைக் கதவில் தன் அடையாள அட்டையை வைத்தால் மட்டும் திறக்கவில்லை. அளப்பவர் வேறு, ஒப்பமிடுபவர் வேறாக இருக்கவேண்டும் என்பது விதி. ஒப்பமிடுபவருக்கு உள்ளே என்ன வேலை? அளப்பதற்கு ஸ்டோர்ஸ்காரரைப் போட்டிருந்தார்கள். அந்த வகுப்பில் தேறியவர், கவனமான மனிதர், அக்காவுக்கும் அவர்மேல் மரியாதை உண்டு.

புது மேசைக்கு வந்த நாலாம் நாள் அவர் முதல் சான்றிதழைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். கீழே கோடு போட்டு, அக்காவின் முழுப் பெயரும் அச்சடித்திருந்தது. அக்கா அதை ஒருமுறை மெதுவாகப் படித்துவிட்டு, பழக்கத்தில் பின்னால் இணைத்திருந்த அளவுத்தாளைப் புரட்டினார். கல் வந்த நேரம் பத்து பத்து. அளவு தொடங்கிய நேரம் பதினொன்று பத்து.

"ஒரு மணி நேரம்தான் வச்சீங்களா?"

"சரியா ஒரு மணி நேரம் மேடம். அலாரம் வச்சிருந்தேன்."

"வகுப்புல நாலுன்னு சொன்னேனே. நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?"

"சொன்னீங்க மேடம். அதனாலதான் எனக்கு ஒரே குழப்பமா இருந்துச்சு. நாலு போடறதா ஒண்ணு போடறதான்னு பரீட்சையில அந்தக் கேள்வியை விட்டுட்டு உட்கார்ந்திருந்தேன்." அவர் கொஞ்சம் வெட்கப்பட்டுச் சிரித்தார். "காப்பியடிச்சேன்னு நினைக்காதீங்க. தற்செயலா உங்க தாள் கண்ணுல பட்டுது. நீங்களே ஒண்ணுன்னு எழுதியிருந்தீங்க. அப்பதான் எனக்குத் தெளிவாச்சு."

அக்கா அளவுத்தாளை மூடி வைத்தார். "இனிமே நாலு மணி நேரம் வைங்க" என்றார்.

"எழுத்துல குடுத்துடுங்க மேடம், செஞ்சுடறேன். எழுதினதை விட்டுட்டு எப்படிச் செய்யறது?"

அவர் சொன்னதில் ஒரு துளி குத்தல் இல்லை. அக்காவேதான் அப்படிப் பாடம் எடுத்தவர், எழுதாததைச் செய்யாதே என்று. இந்தச் சான்றிதழைத் திருப்பி அனுப்பலாம். அனுப்பினால் காரணம் எழுதவேண்டும். குறிப்பு தப்பு என்று எழுதினால், தெரிந்தே அதைப் பரீட்சையில் ஏன் எழுதினாய் என்று கேட்பார்கள். அதற்கு அவரிடம் பதில் இருந்தது, எழுதக்கூடிய பதிலாக இல்லை. வாசலில் கம்பெனி வண்டி காத்திருப்பதாகக் காவலர் இரண்டாம் முறை போன் செய்தார்.

அக்கா பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். ஒரு சுழி பிசகவில்லை. தராசுக்கு முன்னால் ஆடாமல் இருக்க முப்பத்தொரு வருடம் பழக்கிய கை, அன்றைக்காவது கொஞ்சம் ஆடித் தொலைத்திருக்கலாம்.