கொப்பரைக் கொட்டகையில் ஒரு மேட்னி

பேராவூரணிப் பக்கத்து எங்கள் ஊர் சினிமாக் கொட்டகைக்கு முதலில் கீற்றுக் கூரை, பிறகு ஓடு, கடைசியில் தகரம். தரை டிக்கெட்டுக்கு மணல்தான். முன்னால் இருப்பவர் மணலைக் குவித்து மேடு கட்டுவார். பின்னால் இருப்பவர் அதைவிட உயரமாகக் கட்டுவார். இடைவேளைக்குள் கொட்டகை முழுக்க மலைத்தொடர்! பிறகு வீட்டுக்கு வீடு கேபிள் வந்தது. ஆண்களில் பாதிப் பேர் சிங்கப்பூர் போனார்கள். என் அக்காவின் கணவர்தான் கொட்டகைக்குச் சொந்தக்காரர்; அவரும் போனார். படம் நின்று, உள்ளே கொப்பரை மூட்டைகள் ஏறின.

ஒரு பொங்கலுக்கு லீவில் வந்த அத்தான், கொட்டகையை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டப்போவதாகச் சொன்னார்.

"ஒரே ஒரு ஆட்டம் ஓட்டிப் பாப்போம் அத்தான்."

"ஜனம் வந்து கடைசிவரை உக்காந்தா கொட்டகை. எந்திரிச்சுப் போனா மண்டபம். சரியா மாப்ள?"

சரி என்றேன். அப்புறம் தூக்கமாவது ஒன்றாவது! நானும் கூட்டாளிகளும் மூட்டைகளை வெளியே இறக்கினோம். வௌவால்களை விரட்டினோம். புரொஜக்டரைக் கழற்றித் துடைத்தோம். புது மணல் கொட்டினோம். எங்கள் கொட்டகையில் திரை என்பது துணியல்ல, சுண்ணாம்பு அடித்த சுவர். அடித்தோம், காய்ந்ததும் மஞ்சள். மறுபடி அடித்தோம், மறுபடி மஞ்சள். வருஷக்கணக்காகக் கொப்பரை சாய்ந்து கிடந்த சுவர் எண்ணெயைக் குடித்திருந்தது. தென்னைக்குள் பிறந்து வளர்ந்த எங்களுக்கு, தேங்காயெண்ணெய் ஒரு கெடுதல் செய்யும் என்று தோன்றியதே இல்லை.

அதற்குள் நோட்டீஸ் போய்விட்டது. மேட்னிக்கு ஜனம் பொங்கி வந்தது. மண்டபத்துக்கு அளவெடுக்க வந்த எஞ்சினியரும் டேப்போடு ஓரமாக நின்றார். படம் விழுந்தது. கதாநாயகியின் முகத்தில் ஒரு மஞ்சள் தீவு.

"ஐயோ, அந்தப் புள்ளைக்கு மஞ்சக்காமாலைங்க! யாராச்சும் கீழாநெல்லி அரைச்சுக் குடுங்க!" என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

ஒரே சிரிப்பு. சிலர் எழுந்து மணலைத் தட்டிவிட்டார்கள். ஓடிப்போய்ச் சுவரின் முன் நின்று கத்தினேன்: "போவாதீங்க! பொங்கலுக்கு எடுத்த புது வேட்டியக் குடுங்க! தச்சு மாட்டிருவோம்!"

தெருத்தெருவாக ஆள் ஓடியது. மடிப்புக் கலையாத வேட்டிகள் வந்து குவிந்தன. பெண்கள் வட்டமாக மணலில் உட்கார்ந்து ஊசி கோத்தார்கள்.

"கரைய உள்ள மடிச்சுத் தைங்கடி, அவ மூஞ்சில பச்சைக் கோடு விழப்போவுது!"

"இன்னும் ரெண்டு முழம் குறையுதே!"

அத்தான் துண்டைக் கட்டிக்கொண்டு, தன் இடுப்பு வேட்டியை உருவிக் கொடுத்தார். கொட்டகையே விசிலடித்தது.

மூங்கிலில் கட்டித் தூக்கினோம். வெள்ளை! அப்படி ஒரு வெள்ளை!

"மொதல்லேருந்து போடுங்க!"

போட்டோம். மின்விசிறிக் காற்றில் திரை உப்பியது. படத்து ரயில் வளைந்து நெளிந்து எங்கள் மேலேயே வந்தது. ஒருவர்கூட எழவில்லை. சுபம் விழுந்த பிறகும் எழவில்லை.

எஞ்சினியர் அத்தானிடம் மெதுவாகக் கேட்டார்: "அளவெடுத்துரலாங்களா?"

"எடுங்க சார்," என்றார் அத்தான், துண்டை இறுக்கிக்கொண்டே. "பின்னாடி பெஞ்சு போடணும். எத்தனை வரிசை வரும்னு பாருங்க."