கொட்டை பொறுக்கும் கொட்டகையில் ஓர் ஆண்

எங்கள் எஸ்டேட்டில் யாருக்கும் பெரிதாக அடிபட்டதில்லை. அடிபட்டவனும் சில நாளில் வேலைக்கு வந்துவிடுவான். வந்துவிட்டால் அது பெரிய அடி இல்லை என்று ஆகிவிடும்.

போன மிளகுப் பறிப்பில் நானும் அப்படித்தான் வந்தேன். மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் சாத்தியிருந்த ஒற்றை மூங்கில் ஏணி நழுவி, கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்தது. மாவுக்கட்டு போட்ட டாக்டர், "காலைத் தொங்கவிடாம படுத்திருக்கணும். இல்லைன்னா எலும்பு கோணலாக் கூடிரும்" என்றார். கோணல் காலோடு ஏணி ஏற முடியாது. எனக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான்.

சம்பளத்தோடு லீவு கேட்டு ஆள் அனுப்பினேன். எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதும் ரைட்டரே ஜீப்பில் எங்கள் ஊர் தலைச்சோலைக்கு வந்துவிட்டார்.

"ஒடைஞ்சது காலுதானப்பா? கை நல்லாத்தான இருக்குது? ஊட்டுலயே கெடந்தா மனசு கெட்டுப்போயிரும். உக்காந்த வேலையாத் தர்றேன்."

எனக்கு மறுத்துப் பேச வராது. நன்றாக நடந்த காலத்தில் ஒரு நாளும் என்னை ஏற்றாத ஜீப், அதன்பிறகு தினமும் என் வாசலில் வந்து ஹாரன் அடித்தது.

உட்கார்ந்த வேலை என்றால், காப்பிக்கொட்டையில் கறுப்பையும் உடைசலையும் பொறுக்கி எடுப்பது. எங்கள் பக்கம் அதற்குப் பெண்கள் மட்டுமே உட்காருவார்கள். எனக்கு ஒரு முக்காலி போட்டார்கள். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

"ஏனுங்க கொழுந்தனாரே, நாளைக்குச் சேலை கட்டிக்கிட்டு வருவீங்களா?"

"சும்மா இருடி. அவரு மூஞ்சி காப்பிப்பழமாட்டம் செவந்துபோச்சு பாரு."

சீக்கிரமே என்னை ஒரு சாக்குமூட்டையாக நினைத்து மறந்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்கள். மஞ்சக்குட்டை ஊரில் ஒரு மருமகள் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனவள், மாமியாரின் சினையாட்டையும் ஓட்டிக்கொண்டு போய்விட்டாளாம். அந்தக் கதை தினமும் கொஞ்சம் வளர்ந்தது. என் காலும் தினமும் கொஞ்சம் வீங்கியது.

ஒருநாள் அவர்களில் மூத்தவர் கட்டுக்கு வெளியே தெரிந்த என் விரல்களைக் குனிந்து பார்த்தார். "கத்திரிக்காயாட்டம் இருக்குது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அதன்பிறகு அன்று முழுக்க யாருமே கொட்டையைத் தொடவில்லை. வாய் மட்டும் ஓயவில்லை. சாயங்காலம் ரைட்டர் வந்தார். குவியல் அப்படியே இருந்தது.

"ஏனுங்க ரைட்டரய்யா," என்றார் மூத்தவர், "ஆம்பளைய நடுவுல உக்கார வெச்சா நாங்க எப்புடிங்க வாயத் தொறக்கறது? நொம்பக் கூச்சமா இருக்குதுங்க. பேச்சில்லாட்டிக் கையும் ஓடறதில்லீங்க."

மறுநாளே சம்பளத்தோடு லீவு கிடைத்தது. உடைந்த எலும்புக்காக அல்ல, பெண்களின் கூச்சத்துக்காக.

தலையணை மேல் காலைத் தூக்கிவைத்துப் படுத்திருந்தேன். எலும்பு நேராகத்தான் கூடுகிறது என்றார் டாக்டர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மூத்தவர் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தார். கால் எப்படி என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். அன்றைக்கு நிஜமாகவே கூச்சம்தானா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது, கேட்கவில்லை.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"ஆடு திரும்பி வந்துருச்சுங்க. மருமகதான் இன்னும் வரலை."